காங்கேயம் நிஜமாகவே மாட்டு ஊர்தானா?

கோவையிலிருந்து கரூர் போகும் வழியில் காங்கேயத்தில் இறங்கி ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறீர்கள். தேங்காய்ப் பருப்பு காயும் களங்கள், எண்ணெய் மில்கள், அரிசி ஆலைகள் எல்லாம் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒரு காளைகூடத் தென்படவில்லை. "இது நிஜமாகவே மாட்டுக்குப் பேர்போன ஊரா, இல்லை 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பெயரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: மாட்டால் பெயர்பெற்ற ஊர் என்றால் மாட்டை எங்கே போய்த் தேடுவது, எதைப் பார்த்து அந்த ஊரை அடையாளம் கண்டுகொள்வது? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். அரசுப் பணியில் பதினான்கு வருஷம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்திலேயே கழிந்தது. சொந்த ஊர் சேலம் பக்கம்; அதனால் இந்த ஊரை வெளியாளாக வந்துதான் கற்றுக்கொண்டேன். மாட்டையும் புல்லையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வரலாறு என் படிப்பு இல்லை. ஊர்க்காரர்கள் சொன்னதும் நான் தேடிப் படித்ததும்தான் அந்தப் பகுதிக்கு ஆதாரம். அதற்கேற்ற எடையை அதற்குக் கொடுங்கள்.

முதலில் நேர்ப்பதில். பெயர் பழையது. 1930-களில் சென்னை மாகாணக் கால்நடைத் துறை அதிகாரி லிட்டில்வுட் தென்னிந்திய மாடுகளைப் பற்றி விரிவாக எழுதியபோதே காங்கேயம் இனத்துக்குத் தனி இடம் இருந்தது. 2000-ஆம் ஆண்டு அஞ்சல் துறை நாட்டு மாட்டினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது கிர், காங்கிரேஜ், ஹள்ளிகர் ஆகியவற்றோடு காங்கேயமும் இருந்தது. 2017-இல் மெரினாவில் நின்ற இளைஞர்களின் சட்டையிலும் பதாகையிலும் வந்த காளைப் படங்களில் பல காங்கேயம் காளையின் படங்கள் என்பது உண்மை. ஆனால் ஜல்லிக்கட்டு இந்த மாட்டின் தொழில் இல்லை. வாடிவாசலில் பேர்வாங்கும் மாடு பெரும்பாலும் மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் இனம். காங்கேயம் காளை இழுக்கப் பிறந்தது: ஏர், பாரவண்டி, கிணற்றுக் கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைப்பது). பந்தயம் என்றால் கொங்கு நாட்டில் அது ரேக்ளா; சின்ன வண்டியில் இரண்டு காளைகளைப் பூட்டி 200 மீட்டர், 300 மீட்டர் விரட்டுவது. போராட்டம் இந்த மாட்டின் முகத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதன் வேலை என்ன என்பது அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

காங்கேயத்தை மாட்டு ஊராக்கியது எது என்று என்னைக் கேட்டால், வேலி என்றுதான் சொல்வேன். நீங்கள் பஸ்ஸில் வந்த வழியிலேயே அதைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். இருபுறமும் ஆள் உயரத்துக்கு முள்ளும் இலையுமாகப் பின்னிக்கிடக்கும் கிளுவை. போத்து ஒடித்து மழைக்கு முன் நட்டால் வேர்பிடித்துக்கொள்ளும். வெயிலில் மொட்டையாக நிற்கும், ஒரு மழை பெய்தால் தழைத்துவிடும். கம்பியும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அந்த வேலிக்குள்ளே இருக்கும் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். உள்ளே கொழுக்கட்டைப் புல் அடர்ந்திருக்கும். ஆங்காங்கே வெள்வேல மரம் நிற்கும். ஓரத்தில் நுழைய ஒரு கடவு, அதை அடைக்க ஒரு படல். அவ்வளவுதான் கொறங்காடு. இரண்டு காடுகளின் வேலிகளுக்கு நடுவே வண்டி போக விட்ட ஒடுக்கமான தடத்துக்கு இட்டேரி என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த எனக்கு அந்த இட்டேரிகள்தான் முதல் வருஷம் முழுக்க வழிதப்ப வைத்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரியான வேலி, ஒரே மாதிரியான வளைவு.

இந்த ஏற்பாடு ஏன் இங்கே வந்தது என்றால், மண்ணும் மழையும் வேறு வழி விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிற நிலம். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும். ஆடி மாதம் நின்று பேச முடியாத காற்று. மழை ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பதுதான். வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர், அதுவும் நிச்சயமில்லை. மேலே செம்மண்ணும் சரளையும், கீழே சுண்ணாம்பு நிறைந்த சுக்கான் கல். இந்த நிலத்தில் வருஷா வருஷம் உழுது விதைப்பவன் மூன்றில் ஒரு வருஷமாவது விதையை இழப்பான். கொழுக்கட்டைப் புல் அப்படிச் சாகாது. மேலே காய்ந்து பொன்னிறமாகக் கிடந்தாலும் கீழே தூர் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்த சில நாட்களில் பச்சை கட்டிவிடும். காய்ந்த புல்லையும் மாடு விரும்பித் தின்னும். வெள்வேல மரத்தின் நிழல் மெல்லியது. அடியில் புல் வளரும். அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். புல் தீர்ந்துபோகும் கோடையில் அதன் காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். புல், மரம், வேலி மூன்றையும் இப்படிச் சேர்த்து நிறுத்தியது ஒரு தலைமுறையின் வேலையாக இருக்க முடியாது.

ஒரு குடும்பத்துக்கு இப்படி மூன்று நான்கு துண்டுகள் இருந்தால் ஒன்றில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார்கள். முதலாவது தளிர்க்கும்வரை படல் திறக்காது. மாடும் ஆடும் ஒரே காட்டில் மேயும். ஆடு என்றால் மேச்சேரி, மயிலம்பாடி மாதிரியான செம்மறிகள். சில வருஷங்களுக்கு ஒருமுறை காட்டை உழுது கம்போ கொள்ளோ போட்டு எடுத்துவிட்டுத் திரும்பவும் புல்லுக்கே விட்டுவிடுவார்கள். முக்கியமான விஷயம், மேய்ப்பவன் தேவையில்லை. காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மாடு தன் பாட்டுக்கு மேயும். பல பண்ணையங்களில் இரவிலும் காட்டுக்குள்ளேயே கிடக்கும். அமெரிக்க மேற்குச் சமவெளியில் மாட்டுப் பண்ணைகளை அடைத்த முள்கம்பிக்குக் காப்புரிமை வந்தது 1874-இல். அடைத்த நிலத்தில் மாட்டை விட்டு வளர்க்கும் முறையை இங்கே உயிர்வேலி வைத்தே செய்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் மேய்ச்சல் என்றால் புறம்போக்கு, ஏரிக்கரை, மலையடிவாரம் என்று பொது இடம். சொந்தப் பட்டா நிலத்தைப் புல்லுக்கென்றே ஒதுக்கி வேலி போட்டுக் காப்பாற்றியது கொங்கில்தான் இந்த அளவுக்கு நடந்தது.

அந்த நிலம் மாட்டின் குணத்தில் எப்படி இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடிகாலை ஆள் வந்து கூப்பிட்டார். சினைமாடு காட்டுக்குள் கன்று போட்டுவிட்டது, கன்றைக் காணவில்லை, நாய் இழுத்துப் போய்விட்டதோ என்று பயப்படுகிறார்கள். போனேன். நான்கு ஏக்கர் கொறங்காடு. மாடு நடுவில் நின்று ஒன்றுமே நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருக்கிறது. மூன்று பேர் வேலியோரமாகத் தேடினோம், கிடைக்கவில்லை. அந்தப் பண்ணையத்தில் மாடு பார்க்கும் பெரியவர் மட்டும் தேடவில்லை. கடவில் உட்கார்ந்து மாட்டின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் காட்டி, "தெக்கால கிளுவைத் தூருல பாருங்க சாமி, அந்தப் பக்கமே காது மடங்குது" என்றார். அங்கே போய்ப் பார்த்தால், கிளுவை நிழலில் மூக்கைத் தரையில் ஒட்டி வைத்துக்கொண்டு கன்று மூச்சுக்காட்டாமல் கிடக்கிறது. இரண்டு அடி தூரத்தில் நின்றும் எனக்கு உடனே தெரியவில்லை. காங்கேயம் கன்று செவலையாகப் பிறக்கும்; அந்த மண்ணும் அதே சிவப்பு. மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் நிறம் மாறத் தொடங்கும். மேய்ப்பவன் இல்லாத காட்டில் தாய் கன்றை ஒளித்து வைக்கும், கன்று அசையாமல் கிடக்கும், தாய் தொலைவில் நின்று மேய்வதுபோல் காவல் காக்கும். கல்லூரியில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வளர்ந்த காளை சாம்பல் நிறம். தலை, திமில், கழுத்து, கால் கருத்திருக்கும். காயடித்தால் அந்தக் கருப்பு மங்கி வெளுக்கும். மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறத்தை வைத்தே மாட்டுக்குப் பெயர். கொம்பு வெளிப்பக்கமாகக் கிளம்பிப் பின்னால் வளைந்து, நுனி இரண்டும் ஒன்றையொன்று தேடுவதுபோல் வட்டமாக வரும். நல்ல காளை 500 கிலோவைத் தாண்டும். பால் என்று பார்த்தால் நாளுக்கு 2, 3 லிட்டர்தான். கன்றுக்குப் போக வீட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். பாலுக்காக இந்த மாட்டை யாரும் வளர்க்கவில்லை, எருதுக்காக வளர்த்தார்கள். கொங்கில் கிணறு ஆழம். கவலை இறைப்பதென்றால் சாலும் (நீர் மொள்ளும் பெரிய பாத்திரம்) தோல்வாலும் (அதில் சேர்த்த தோல் குழாய்) வடக்கயிறும் கட்டி, ஒரு ஜோடி எருது சரிவில் இறங்கித் தண்ணீரை மேலே இழுக்கும், பின் அதே சரிவில் பின்பக்கமாகவே ஏறித் திரும்பும். விடிவதற்கு முன் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே வேலை. ஒல்லி மாடு அதைத் தாங்காது. கொறங்காட்டுப் புல் தந்த உடம்பை கிணற்றுமேடு கேட்டு வாங்கிக்கொண்டது.

இங்கே ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரு காரணத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "மண்ணில் சுண்ணாம்பு அதிகம், அதனால்தான் எங்கள் மாட்டுக்கு எலும்பு கெட்டி" என்பார்கள். சுக்கான் கல் நிறைந்த மண் என்பது உண்மை. புல்லில் சுண்ணாம்புச் சத்து அதனால் கூடும் என்பதும் பொருந்தக்கூடியதே. ஆனால் எலும்பின் உறுதி முதலில் வம்சத்திலிருந்து வருவது. தலைமுறை தலைமுறையாக இழுக்க முடியாததைக் கழித்து, முடிந்ததைப் பொலிக்கு (இனவிருத்திக்கு) வைத்துக்கொண்டதன் பலனையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றும். இனத்தின் மூலத்தைப் பற்றியும் அப்படித்தான். மைசூர்ப் பக்கத்து ஹள்ளிகர், அமிர்தமஹால் வகையோடு உறவுள்ளது என்பதைப் பொதுவாக எல்லோரும் ஏற்கிறார்கள். உடல் பருமனை வைத்து ஓங்கோல் ரத்தமும் கலந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து மட்டுமே. சிந்துவெளி முத்திரையில் இருப்பது இதே காளைதான் என்று மேடையில் பேசுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. திமிலுள்ள காளை என்ற அளவில்தான் ஒற்றுமை.

வம்சத்தைக் கட்டிக் காத்ததில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. காங்கேயத்துக்கு வடக்கே பழையகோட்டை. அதன் பட்டக்காரர் (பரம்பரை வட்டாரத் தலைவர்) நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய மந்தை வைத்து, பொலிகாளைகளைப் பொறுக்கி எடுத்து இனத்தைச் சீராக்கினார். கால்நடைத் துறை இலக்கியமே இந்தப் பெருமையை அவருக்குத் தருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டக்காரர் பெயரோடு கதை முடிந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம். மந்தையை இரவும் பகலும் பார்த்தவர்கள், எந்த மாடு எப்போது பருவத்துக்கு வரும், எந்தக் கன்று தேறும் என்று கண்ணாலேயே சொன்னவர்கள் பண்ணையாட்களாக இருந்தவர்கள். கவலைக்குத் தோல்வால் தைத்தவர்கள் அருந்ததியர்கள். அது இல்லாமல் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியிருக்காது. மாட்டின் காதைப் பார்த்துக் கன்றைக் கண்டுபிடித்த அந்தப் பெரியவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. இந்த ஊரின் மாட்டறிவில் பாதி, நிலமில்லாதவர்களின் தலையில் இருந்தது. அதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

மாடு ஊருக்குள் ஏன் இல்லை என்பதற்கு இப்போது வரலாம். எப்போதுமே மாடு காங்கேயம் ஊருக்குள் இருந்ததில்லை. கொங்கில் விவசாயக் குடும்பம் பலவும் ஊருக்குள் கூடி வாழாது. தோட்டத்திலேயே சாளை (குடியிருக்கும் வீடு), பக்கத்திலேயே மாடு கட்டும் கட்டுத்தரை. காங்கேயம் என்ற பெயர் ஒரு நாட்டின் பெயரும்கூட. கொங்கின் 24 நாடுகளில் காங்கேய நாடு ஒன்று. மாட்டுக்கு இருக்கும் பெயர் அந்தச் சுற்றுவட்டாரத்தின் பெயர். நகரம் அதற்குக் கடைவீதி, கச்சேரி (அரசு அலுவலகம்), பஸ் நிறுத்தம். மாடு கைமாறிய இடங்களும் வெளியேதான். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டி ஓலப்பாளையம் பக்கத்தில் கூடும் மாட்டுத்தாவணி (மாட்டுச் சந்தை) ஒன்று. காங்கேயம் மாட்டுக்கென்றே ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டையில், நத்தக்காடையூர் பக்கம் கூடும் தாவணி இன்னொன்று. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் இங்கிருந்து மாடு போகும்.

தாவணியில் ஒரு வியாபாரத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல அனுபவம். வாங்க வந்தவர் முதலில் மாட்டைத் தொடமாட்டார். பின்னால் போய் நின்று கால் வைப்பதைப் பார்ப்பார். நடக்கவிட்டு, முன்னங்கால் பதிந்த தடத்தில் பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பிறகு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வாயைத் திறந்து பல். பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதுக்கு அதுதான் சான்றிதழ், பொய் சொல்லாது. பிறகு சுழி. நெற்றியில், திமிலில், முதுகில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். சில சுழி வீட்டுக்கு ஆகாது என்றால் நல்ல மாடும் விலைபோகாது. சுழிக்கும் மாட்டின் திறனுக்கும் தொடர்பு ஏதும் இல்லை என்று மருத்துவனாக நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் சுழி தேடும் சாக்கில் மாட்டின் உடம்பு முழுவதையும் கைவைத்துப் பார்த்துவிடுகிறார்கள். தோல் பிடிப்பு, பழைய காயம், மாடு மிரளுகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு தடவலில் தெரிந்துவிடும். கடைசியில் தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துப் போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்கும் ஐம்பது பேருக்கும் என்ன விலை என்று தெரியாது. மொபைலில் படம் அனுப்பி மாடு விற்கும் இந்தக் காலத்திலும் துண்டு போய்விடவில்லை.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நொய்யல் கரையில் சென்னிமலைப் பக்கம் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த தொழிற்கூடங்களும் இரும்பு உருக்கிய இடங்களும் கிடைத்தன. காங்கேயம்–திருப்பூர் சாலையில் இருக்கும் படியூர் நீலப்பச்சைக் கல்லுக்குப் பேர்போனது. கம்பெனி ஆட்சியில் 1819–20 வாக்கில் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். சேரநாட்டுத் துறைமுகங்களையும் கரூரையும் இணைத்த பெருவழி இந்தப் பக்கம் போனது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்பது. அந்த வழியில் பாரம் இழுத்த மாடு எது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைய இனத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது நம் ஆசைதான். அடுத்து தீரன் சின்னமலை. காங்கேயத்துக்குப் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்தவர், 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்; இவை உறுதி. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, "சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்தான் என்று சொல்" என்று சொல்லியனுப்பியது மக்கள் வாய்மொழி. அதை ஆவணமாக நினைக்க வேண்டாம், ஆனால் காங்கேயத்துக்காரர் அதைச் சொல்லும்போது குரல் மாறுவதைக் கேட்டால் ஊர் தன்னை எப்படி நினைக்கிறது என்று தெரியும்.

ஆவணத்தில் ஊர் பலமுறை வீடு மாறியிருக்கிறது: கோவை மாவட்டம், 1979-இல் பிரிந்த பெரியார் மாவட்டம் என்னும் பிற்கால ஈரோடு, 2009 முதல் திருப்பூர். எழுத்திலும் காங்கயம், காங்கேயம் இரண்டும் ஓடுகின்றன, பேச்சில் "காங்கயம்"தான். மனிதர்களைப் பற்றிச் சொன்னால், பேச்சு மெதுவாக, "ங்க" போட்டு மரியாதையாக வரும். காசு விஷயத்தில் கணக்குக் கறார். மழையை நம்ப முடியாத நிலம் அந்தக் கறாரைக் கற்றுக்கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தர் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால் அதில் வைப்பார்கள். அடுத்த பொருள் வரும்வரை அது இருக்கும். தண்ணீர் வைத்தால் மழையா வெள்ளமா என்று, மண் வைத்தால் நில விலை ஏறுமா இறங்குமா என்று வட்டாரம் முழுக்கப் பேசும். மாட்டுப் பொங்கலை இங்கே பட்டிப் பொங்கல் என்பார்கள். பட்டிக்குள் தரையில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் விட்டு, மாட்டை அதைத் தாண்டவிட்டு, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று சொல்லிச் சுற்றி வருவார்கள். பட்டியில் மாடே இல்லாமல்போன வீட்டில்கூட, பக்கத்துத் தோட்டத்து மாட்டை ஓட்டிவந்து இதைச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாடு குறைந்த கதை ஒரே நாளில் நடந்ததில்லை. 1932-இல் பைகாரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. அடுத்த முப்பது நாற்பது வருஷத்தில் கிணறு கிணறாக மோட்டார் இறங்கியது, கவலை நின்றது. எருதின் பாதி வேலை அங்கேயே போய்விட்டது. மீதியை டிராக்டரும் லாரியும் எடுத்துக்கொண்டன. 1950-களில் கீழ்பவானி வாய்க்கால், அதன்பின் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் வந்தபோது தண்ணீர் எட்டிய காடுகள் தோட்டமாகின. வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடைக்கு மண்டலச் சுழற்சியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்கு இன்றும் போராட்டம் நடக்கிறது. பால் சங்கங்கள் பெருகியபோது கலப்பின ஜெர்சி வந்தது. எட்டு, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு முன் காங்கேயம் பசு வீட்டுக் கணக்கில் நிற்க முடியவில்லை. அந்தச் சினை ஊசியைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு அந்த வீட்டுக்குப் பால் பணம் தேவைப்பட்டது. அதைத் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் நாட்டுப் பசுவுக்குத் தேவையான நல்ல காங்கேயம் பொலிகாளையின் விந்தும் அதே அளவு முனைப்போடு கிடைத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இன்னொரு பக்கம் திருப்பூர். பனியன் கம்பெனி பஸ் காலையில் கிராமத்துக்கே வந்து ஆளை ஏற்றிக்கொள்ளும்போது மாடு பார்க்க யார் நிற்பார்கள்? சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே விஷக்குட்டை ஆக்கியது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது.

நீங்கள் பார்த்த தேங்காய்ப் பருப்புக் களம்கூட இந்த நிலத்தின் தொடர்ச்சிதான் என்று எனக்குத் தோன்றும். மழை குறைவு, வெயில் கடுமை, காற்று ஓயாது, இடம் தாராளம். பொள்ளாச்சித் தேங்காயும் கேரளத் தேங்காயும் இங்கே வந்து காய்வதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. புல்லை வாட்டும் வெயில் பருப்பை உலர்த்துகிறது. களங்களில் சில ஒரு காலத்தில் கொறங்காடாக இருந்த இடங்களே.

இன்றைக்கு நிலைமை என்ன என்றால், மாட்டுக்கு ஆதரவு கூடியிருக்கிறது, காட்டுக்குக் கூடவில்லை. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் மாட்டின ஆராய்ச்சி மையம் நெடுநாளாக இனத்தைக் காக்கும் வேலையைச் செய்கிறது. ரேக்ளாவுக்கும் பெருமைக்கும் நல்ல காளையை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். நாட்டு மாட்டுப் பால் சர்க்கரை நோயைத் தீர்க்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் விற்கிறார்கள். அதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது, அதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நல்ல பால், அவ்வளவே. என் கவலை வேறு. ஷெட்டில் கட்டிவைத்துப் பருத்திக்கொட்டையும் தவிடும் போட்டு வளர்க்கும் காங்கேயம் காளை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் தானே மேயவும், கன்றை ஒளித்துக் காக்கவும் தெரிந்த மாடு காட்டில்தான் உருவாகும். காடோ மனையாகவும் களமாகவும் தாராபுரம் பக்கம் காற்றாலைக்கும் துண்டு துண்டாகப் போகிறது. 2024, 2025-இல் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகளைப் படித்திருப்பீர்கள்; செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். மேய்ப்பவன் இல்லாமல் நம்பி விடலாம் என்பதுதான் கொறங்காட்டின் உயிர். அந்த நம்பிக்கை போனால் வேலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை வந்தால் சனிக்கிழமை இரவே வந்து தங்குங்கள். ஞாயிறு விடிந்ததும் பழையகோட்டைத் தாவணிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நல்ல மாடு கைமாறிப் போயிருக்கும். திரும்பும்போது பெரிய சாலையை விட்டு ஏதாவது ஓர் இட்டேரியில் இறங்கி நடங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் புல் முழங்கால் உயரம் இருக்கும். சித்திரை என்றால் மரத்தடியில் வேலங்காய் கிடக்கும். காட்டுக்காரரைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். தூரத்தில் ஒரு பசு தனியாக நின்று உங்களைப் பார்க்காததுபோல் மேய்ந்துகொண்டிருந்தால் பக்கத்தில் எங்கோ கன்று கிடக்கிறது என்று அர்த்தம். தேடாதீர்கள், வந்த வழியே திரும்பிவிடுங்கள். வெளியே வரும்போது கடவில் படலை மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள்.